தண்டு வலித்தவர்கள்

சென்ற ஆண்டு மாவட்ட அளவிலான வினாடி வினாவுக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து அடுத்த மணி அடிக்கும் வரை கிடைக்கிற இருபது நிமிடம்தான் எங்களுக்கு நேரம். நான் கேள்வியை வாசிப்பேன், பிள்ளைகள் ஒற்றை வரியில் பதில் சொல்வார்கள். சூயஸ் கால்வாய் எந்த ஆண்டு திறக்கப்பட்டது, செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கியவர் யார் என்ற வரிசையில் அந்தக் கேள்வியும் வந்தது. அமெரிக்காவில் அடிமைகளை விடுவித்தவர் யார்? ஆறு பேரும் ஒரே குரலில் ஆபிரகாம் லிங்கன் என்றார்கள். அடுத்த கேள்விக்குப் போகும்போது, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். “டீச்சர், விடுவித்தார்னா பிறவினைதானே? நேத்து தமிழம்மா நடத்துனாங்க.” ஆமாம் என்றேன். “அப்ப அடிமையா இருந்தவங்க அதுவரைக்கும் என்ன செஞ்சாங்க? சும்மா இருந்தாங்களா?”

“போட்டியில அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா, அடுத்ததுக்கு வா” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி அந்த வாரம் முழுக்கக் கை தூக்கவில்லை.

பத்தொன்பது வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். பந்து உருண்டது என்றால் தன்வினை, பந்தை உருட்டினான் என்றால் பிறவினை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தில், ஏறக்குறைய 40 லட்சம் மனிதர்களைப் பந்தாக வைத்திருக்கிறேன் என்று அதுவரை தோன்றியதே இல்லை. அவர்கள் அங்கே கிடந்தார்கள், ஒருவர் வந்து தள்ளினார், உருண்டார்கள். அந்தப் பிள்ளை கேட்ட ‘சும்மா’ என்ற சொல் என்னை விடவில்லை. பாத்திரம் துலக்கும்போது வந்தது, பேருந்தில் வந்தது. ஆசிரியர் அறையில் சொன்னபோது, உடன் வேலை செய்யும் ஒருவர், “லிங்கனே ஒண்ணும் அவங்க மேல இரக்கப்பட்டுச் செய்யல டீச்சர், அது போர்த் தந்திரம்” என்றார். அதிலும் என் மனம் சமாதானம் ஆகவில்லை. தந்திரம் என்று வைத்துக்கொண்டாலும் தள்ளியவர் அதே ஆள்தான், பந்து அதே பந்துதான். அப்புறம்தான் உட்கார்ந்து, அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய அந்த நான்கு வருட உள்நாட்டுப் போரைத் தேதி தேதியாகப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு கோட்டை வாசலைத் தாண்டிப் போகவே எனக்கு மனம் வரவில்லை.

மன்றோ கோட்டை

வர்ஜீனியா மாநிலத்தின் கடலோரத்தில், பாயிண்ட் கம்ஃபர்ட் என்ற நிலமுனையில், சுற்றிலும் அகழியோடு நிற்கிறது மன்றோ கோட்டை. 1619-இல் இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்களை ஒரு கப்பல் கொண்டுவந்து இறக்கியது இந்த முனையில்தான். ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவில் ஆப்பிரிக்க அடிமைகளின் கதை தொடங்கும் இடம் என்று இதைத்தான் சொல்வார்கள். 1861-இல் தென்மாநிலங்கள் பிரிந்துபோய்ப் போர் மூண்டபோது, வர்ஜீனியாவுக்குள்ளேயே இருந்தும் இந்தக் கோட்டை மட்டும் வடக்கின் கையில் இருந்தது.

அந்த ஆண்டு மே 23 அன்று வர்ஜீனியா மக்கள் பிரிவினைக்கு வாக்களித்தார்கள். மக்கள் என்றால் வெள்ளை ஆண்கள். அன்று இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று பேர் ஒரு சிறு படகில் ஏறினார்கள். கர்னல் சார்லஸ் மல்லோரி என்பவருக்குச் சொந்தமான அடிமைகள் அவர்கள். ஷெப்பர்டின் பேருக்குப் பின்னால் ஒட்டியிருப்பதுகூட எசமானின் குடும்பப் பெயர்தான். தண்ணீருக்கு அக்கரையில் செவெல்ஸ் பாயிண்ட்டில், இதே மன்றோ கோட்டையைக் குறிவைத்து, தெற்குப் படைக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை விட்டிருந்தார்கள். அடுத்து இன்னும் தெற்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்று காதில் விழுந்திருக்கிறது. போனால் பெண்டாட்டி பிள்ளைகளை மறுபடி பார்ப்பது நிச்சயமில்லை. எந்த அரசும் அவர்களை வரச் சொல்லவில்லை. வந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. தப்பியோடும் அடிமையைப் பிடித்து எசமானிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிற 1850-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. இரண்டரை மாதம் முன்பு பதவியேற்ற லிங்கன், அடிமை முறை இருக்கிற மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் எனக்கு இல்லை என்று பதவியேற்புரையிலேயே சொல்லியிருந்தார். இத்தனையும் இருக்க, எந்தக் கோட்டையைச் சுடுவதற்காக மேடை கட்டினார்களோ அந்தக் கோட்டையின் காவலர் முன்னால் போய் நின்றார்கள்.

கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர் அதற்கு முந்தின நாள்தான் வந்து பொறுப்பேற்றிருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்து வக்கீல். அடிமை ஒழிப்புக்காரர் அல்ல. போன மாதம்தான் மேரிலாந்தில், அடிமைகள் கலகம் செய்தால் அடக்க என் படை உதவும் என்று ஆளுநரிடம் தானே முன்வந்து சொன்னவர். 1860-இல் தன் கட்சி மாநாட்டில் ஜெஃபர்சன் டேவிஸை வேட்பாளராக்கச் சொல்லி 57 சுற்று விடாமல் வாக்களித்தவர். அந்த டேவிஸ்தான் இப்போது எதிர்த் தரப்பின் அதிபர். இப்படிப்பட்ட ஒருவர் காலையில் எழுந்து அந்த மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். பீரங்கி மேடை எங்கே, எவ்வளவு கட்டியாயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இவர்களைத் திருப்பி அனுப்பினால் நாளைக்கே மறுபடி மண்வெட்டியை எடுத்து எனக்கு எதிராகத்தான் மேடை கட்டுவார்கள் என்பது அவருக்கு உறைத்தது.

அடுத்து மல்லோரியின் சார்பில் மேஜர் கேரி என்பவர் வெள்ளைக் கொடியோடு வந்தார். தப்பியோடியவர்களை ஒப்படைக்க வேண்டியது உங்கள் சட்டக் கடமை அல்லவா என்று கேட்டார். உங்கள் வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று சொல்லிக்கொள்கிறது, அயல்நாட்டுக்கு எங்கள் சட்டப்படி நாங்கள் எந்தக் கடமையும் பட்டிருக்கவில்லை என்று பட்லர் பதில் சொன்னார். கர்னல் வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ளட்டும், ஆட்களைத் தருகிறேன் என்றும் சொன்னார். இந்த மூன்று பேரும் எதிரியின் போர்வேலைக்குப் பயன்படுகிற உடைமை, ஆகவே நான் பறிமுதல் செய்துகொள்கிறேன் என்பது அவருடைய வாதம். காண்ட்ராபேண்ட் என்ற சொல் அப்படித்தான் மனிதர்களின் மேல் வந்து ஒட்டியது. எதிரிக்குப் போகிற வெடிமருந்து, குதிரை மாதிரிப் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்கிற சரக்கு.

சரக்கு என்று பேர் வைத்து

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உயிரைப் பணயம் வைத்துக் கடலைத் தாண்டி வந்தவனிடம், நீ மனிதன் என்பதால் உள்ளே வா என்று சொல்ல ஒரு வாய் இல்லை. நீ பொருள்தான், ஆனால் இனிமேல் என் பொருள் என்கிறார். ஆனால் திரும்பத் திரும்பப் படித்தபோது வேறு ஒன்றும் தெரிந்தது. மனிதன் என்று சொல்லியிருந்தால் அந்த மே மாதத்தில் வாஷிங்டனே பட்லரைக் கண்டித்திருக்கும். அடிமை முறை இருந்தும் பிரியாமல் நின்ற கென்டக்கி, மிசூரி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய மாநிலங்களை இழந்துவிடுவோமோ என்று லிங்கன் பயந்துகொண்டிருந்த சமயம் அது. எசமான்கள் இருநூறு வருடமாகச் சொன்ன ‘சொத்து’ என்ற சொல்லையே எடுத்து, அதே சொல்லால் அவர்கள் கையிலிருந்து பிடுங்கினார் அந்த வக்கீல். சொல் கொடுமையானது. ஆனாலும் வாசல் திறந்துவிட்டது.

திறந்ததும் நடந்ததுதான் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். திங்கட்கிழமை 47 பேர். மூன்று மாதக் குழந்தையிலிருந்து 85 வயதுக் கிழவர் வரை, குடும்பம் குடும்பமாக. செய்தித்தாள் படித்து வரவில்லை. வர்ஜீனியாவில் கறுப்பினத்தாரைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே 1831 முதல் சட்டப்படி குற்றம். வாய்வழியாக, அடுக்களை வழியாக, ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குச் செய்தி போயிருக்கிறது.

பட்லரின் வாதம் உடைவது இங்கேதான். அந்த மூன்று ஆண்கள் பீரங்கி மேடை கட்டியவர்கள், அதனால் போர்ச் சரக்கு. சரி. கைக்குழந்தை எந்த மேடையைக் கட்டியது? 85 வயதுக் கிழவர் எதிரிக்கு என்ன உதவி செய்வார்? ஜூலை 30 அன்று பட்லர் போர்த்துறை அமைச்சர் கேமரனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் போரைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிக முக்கியமான காகிதம் அதுதான். கோட்டையைச் சுற்றி இப்போது 900 பேர் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்கிறார். உடல் வலுவுள்ள ஆண்கள் 300, கடின வேலைக்கான வயதைத் தாண்டிய ஆண்கள் 30, பெண்கள் 175, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 225, பத்திலிருந்து பதினெட்டுக்குள் இருப்பவர்கள் 170. எண்ணி எழுதிவிட்டு, இவர்களை நான் என்ன செய்ய என்று கேட்பதோடு அவர் நிறுத்தவில்லை. இவர்கள் யார் என்று கேட்கிறார். இவர்கள் அடிமைகளா, சுதந்திரமானவர்களா? எசமான் விட்டுவிட்டு ஓடிப்போன பிறகும், எசமானை விட்டு இவர்கள் ஓடிவந்த பிறகும், இன்னும் சொத்துதானா? இரண்டு மாதம் முன்பு சரக்கு என்று வாதாடிய அதே வக்கீல், இப்போது இவர்களை ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் என்று எழுதுகிறார். யாருடைய உபதேசமும் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை. ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றதுதான் நிறுத்தியது. அவள் வராமல் ஆண்கள் மட்டும் வந்திருந்தால், போர்ச் சரக்கு என்ற சொல்லிலேயே விஷயம் முடிந்திருக்கலாம்.

அந்தக் கடிதம் போன ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 6 அன்று, எதிரியின் போர்வேலைக்குப் பயன்பட்ட அடிமையின் மேல் எசமானுக்கு உரிமை இல்லை என்று நாடாளுமன்றம் முதல் பறிமுதல் சட்டத்தைப் போட்டது. 1862 மார்ச்சில், தப்பிவந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கிற ராணுவ அதிகாரிக்குத் தண்டனை என்றார்கள். ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறை ஒழிந்தது. அங்கே எசமான்களுக்கு ஆளுக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு கொடுத்தார்கள், வேலை செய்து தேய்ந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஜூலையில் இரண்டாவது பறிமுதல் சட்டம். செப்டம்பர் 22 அன்று, அடிமைகளை விடுவிக்கப் போவதாக லிங்கனின் முன்னறிவிப்பு. 1863 ஜனவரி 1 அன்று விடுதலைப் பிரகடனம். வரிசையாக வைத்துப் பார்த்தால், முன்னால் கால்கள் நடக்கின்றன, பின்னாலேயே சட்டம் மூச்சு வாங்க ஓடிவருகிறது.

காகிதத்தின் மதிப்பு

இதை வைத்து லிங்கன் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆசிரியர் அறை நண்பரோடு எனக்கு இருக்கிற தகராறு அதுதான். காலால் நடந்துவிட்டால் போதும் என்றும் இல்லை. பட்லர் மன்றோவில் வாசலைத் திறந்துவைத்த அதே 1861-இல், மேற்கே மிசூரியில் இருந்த வடக்குப் படையின் தளபதி ஹாலெக், தப்பிவரும் அடிமைகளை முகாமுக்குள் விடக்கூடாது என்று ஆணை போட்டார். ஒரே படை, ஒரே சீருடை. எந்த வாசலுக்குப் போகிறாய் என்பதைப் பொறுத்து உயிர். பிரகடனம் அதை மாற்றியது. கிளர்ச்சிப் பகுதிகளில் படை எங்கெல்லாம் முன்னேறுகிறதோ அங்கெல்லாம் இவர்கள் சுதந்திரமானவர்கள் என்று ஆனது. கறுப்பின ஆண்களைப் படையில் சேர்த்துக்கொள்ளவும் அது வழிசெய்தது. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,80,000 பேர் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். சம ஊதியத்துக்குச் சட்டம் வரவே 1864 ஜூன் ஆயிற்று. சண்டை போட்டுக்கொண்டே அந்தச் சண்டையையும் போட்டார்கள்.

ஆனால் பிரகடனத்தின் வாசகத்தைப் படித்தபோது ஓர் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எந்தெந்தப் பகுதிகளுக்கு இது பொருந்தாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஏற்கெனவே வடக்குப் படையின் பிடியில் இருந்த இடங்கள் அவை. லூசியானாவில் சில பகுதிகள், மேற்கு வர்ஜீனியாவாக ஆகவிருந்த 48 மாவட்டங்கள், அப்புறம் வர்ஜீனியாவில் இன்னும் சில. அந்தச் சிலவற்றில் ஒன்று எலிசபெத் சிட்டி மாவட்டம். மன்றோ கோட்டையும் ஹாம்ப்டன் ஊரும் இருக்கிற மாவட்டம் அதுதான். மூன்று பேர் படகில் வந்து இறங்கிய கரை. 900 பேரை எண்ணிக் கணக்கெழுதிய கரை. வழியைத் திறந்தவர்களின் ஊரை அந்தக் காகிதம் தொடவில்லை.

ஹாம்ப்டன் ஊரை 1861 ஆகஸ்டில் தெற்குப் படையே எரித்துவிட்டுப் போயிற்று. எரிந்த வீடுகளின் மிச்ச செங்கல்லும் புகைபோக்கியும் வைத்துத் தப்பிவந்தவர்கள் குடிசை கட்டி ஓர் ஊரையே எழுப்பினார்கள். மேரி பீக் என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண், முன்பு வீட்டுக்குள் மறைவாக எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், அந்தச் செப்டம்பரில் ஓர் ஓக் மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து வெளிப்படையாகவே வகுப்பைத் தொடங்கினார். ஊர் எரிந்ததில் அவர் வீடும் போயிருந்தது. காசநோயோடு நடத்திக்கொண்டிருந்து, 1862 பிப்ரவரியில் இறந்துபோனார். பிரகடனத்தை அவர் பார்க்கவில்லை. 1863-இல் அதே மரத்தடியில் கூடித்தான் அந்தப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்டார்கள் என்று ஹாம்ப்டனில் சொல்லிவருகிறார்கள். அந்த மரம் இன்றும் இருக்கிறது. தங்கள் ஊருக்குப் பொருந்தாத ஒரு விடுதலையை நின்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது, அவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே பட்டிருக்காது. அவர்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டவர்கள். எல்லாரையும் எட்டும் சட்டம், அரசியல் சாசனத்தின் 13-ஆவது திருத்தம், 1865 டிசம்பரில்தான் உறுதியானது. அதிலும் குற்றத்துக்கான தண்டனை என்றால் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்று ஒரு சந்து விட்டுவைத்தார்கள், அந்தச் சந்துக்குள் பல ஆயிரம் பேரைப் பின்னால் தள்ளினார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எங்கள் ஊருக்கும் இந்தப் போரோடு ஒரு நூல் தொடர்பு உண்டு. வடக்கின் கடற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்ததும் இங்கிலாந்தின் லங்காஷையர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து ஏறக்குறைய நின்றது. ஆலைக்காரர்கள் இந்தியப் பஞ்சைத் தேடி வந்தார்கள், விலை ஏறியது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடி வழியாகத்தான் போயிற்று. கப்பல் கரைக்கு வர முடியாது, தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணியில் பொதி ஏற்றிக்கொண்டு போவார்கள். 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. இங்கே தோணியில் பொதி ஏற்றிய நாட்களில்தான், அங்கே அந்தப் பருத்திக் காடுகளிலிருந்து ஆட்கள் இரவோடு இரவாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் வகுப்பில்

இந்த ஆண்டு ஜனவரியில் ஒரு நாள், வினாடி வினாவெல்லாம் முடிந்த பிறகு, ஒன்பதாம் வகுப்பில் அந்த ஐந்து எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். 300, 30, 175, 225, 170. கூட்டச் சொன்னேன், 900 என்றார்கள். யார் இவர்கள் என்று கதையைச் சொன்னேன். படகு, செவெல்ஸ் பாயிண்ட், கேரியின் வெள்ளைக் கொடி, எல்லாம். பின்வரிசையில் ஒரு பையன், அப்பா கடலுக்குப் போகிறவர், எழுந்து நின்று, “ராத்திரில தண்டு வலிக்கிற சத்தம் ரொம்பத் தூரம் கேக்கும் டீச்சர். காத்து இல்லைன்னா இன்னும் கேக்கும். துணி சுத்தித்தான் வலிச்சிருப்பாங்க” என்றான். எத்தனை மைல், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் என்று அவன் கேட்டுக்கொண்டே போனான். எனக்கு அந்தக் கேள்விகளெல்லாம் தோன்றியதே இல்லை.

கை தூக்கிய அந்தப் பிள்ளை கடைசி வரை பேசாமல் இருந்தாள். திங்கட்கிழமை வந்த 47 பேரைப் பற்றிச் சொன்னதும்தான் நிமிர்ந்தாள். போன வருடம் உன் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அதுக்குத்தான் இதெல்லாம் என்று அவளிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. “அந்த மூணு மாசப் பிள்ளை வழியில அழுதிருக்காதா டீச்சர்?” என்றாள்.

வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள். “பால் குடுத்துக்கிட்டே நடந்திருப்பாங்க.”